ஐஸ் ஹாக்கி அணியின் சீசன் பட்டியலைப் படிப்பது எப்படி? எட்டு வரிகளில் ஒரு பாடம்

ஐஸ் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரே ஒரு அணியை எடுத்துக்கொண்டு அதன் சீசன்வாரிப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். விதிகள், லீக் நடக்கும் முறை, அந்த ஊர் பட்ட பாடு எல்லாமே அதற்குள் கிடக்கிறது.

மாண்ட்ரியல் மாதிரி நூறு வருடம் தாண்டிய அணியை எடுத்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதனால் இங்கே வேகாஸ் கோல்டன் நைட்ஸை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இருக்கும் லாஸ் வேகாஸ் நகரத்து அணி. அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) லீக்கில் 2017இல்தான் ஆடத் தொடங்கியது. 2024-25 வரை எட்டே வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருப்பது பிளேஆஃப் முடிவு, அதாவது சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் மட்டும் மோதும் நாக்அவுட் சுற்றுகளின் முடிவு. அதை வெல்பவருக்கு ஸ்டான்லி கோப்பை.

படி 1: பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

2017-18: 82 ஆட்டம், 51-24-7, 109 புள்ளி. இறுதிச் சுற்றில் தோல்வி
2018-19: 82 ஆட்டம், 43-32-7, 93 புள்ளி. முதல் சுற்றில் தோல்வி
2019-20: 71 ஆட்டம், 39-24-8, 86 புள்ளி. மூன்றாம் சுற்றில் தோல்வி
2020-21: 56 ஆட்டம், 40-14-2, 82 புள்ளி. மூன்றாம் சுற்றில் தோல்வி
2021-22: 82 ஆட்டம், 43-31-8, 94 புள்ளி. பிளேஆஃப் இல்லை
2022-23: 82 ஆட்டம், 51-22-9, 111 புள்ளி. ஸ்டான்லி கோப்பை
2023-24: 82 ஆட்டம், 45-29-8, 98 புள்ளி. முதல் சுற்றில் தோல்வி
2024-25: 82 ஆட்டம், 50-22-10, 110 புள்ளி. இரண்டாம் சுற்றில் தோல்வி

கையால் எழுதினால் நல்லது. எழுதும்போதே சில எண்கள் கண்ணில் உறுத்தும். 71, 56 என்று வருகிறதே, அந்த மாதிரி.

படி 2: மூன்று எண்களையும் பிரித்துப் பாருங்கள்

51-24-7 என்றால் 51 வெற்றி, 24 தோல்வி, 7 ஓவர்டைம் தோல்வி. புதியவர்கள் தடுமாறுவது மூன்றாவது எண்ணில்தான். 60 நிமிட ஆட்டம் சமநிலையில் முடிந்தால், பக்கத்துக்கு மூன்று பேர் மட்டும் களத்தில் நின்று ஐந்து நிமிடம் ஆடுவார்கள். முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. கோலே விழவில்லை என்றால் ஷூட்அவுட், அதாவது வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து கோல் அடிக்க முயல்வது. இந்த இரண்டில் எதில் தோற்றாலும் தோற்ற அணிக்கு ஒரு புள்ளி உண்டு. வெற்றிக்கு எப்போதும் இரண்டு. 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றும் கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டால் எந்த வரியையும் நீங்களே சரிபார்க்கலாம். மூன்று எண்களையும் கூட்டினால் ஆட்டங்களின் எண்ணிக்கை வரவேண்டும். வெற்றியை இரண்டால் பெருக்கி மூன்றாவது எண்ணைக் கூட்டினால் புள்ளி வரவேண்டும். 51 × 2 = 102, அதோடு 7, ஆக 109. சரி.

இன்னொன்று. 2018-19இல் 43 வெற்றி, 32 தோல்வி என்று படித்ததும் அணி நன்றாகவே ஆடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 7 ஆட்டங்களும் தோல்விதான். மொத்தம் 82இல் 39 முறை தோற்றிருக்கிறது. ஒரு அணியின் உண்மையான பலத்தை அறிய, பின்னிரண்டு எண்களையும் கூட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

படி 3: ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் புள்ளியைப் பார்க்காதீர்கள்

இந்தப் பட்டியலின் காலத்தில் வழக்கமான சீசன் 82 ஆட்டம். 2019-20 சீசன் கொரோனாவால் 2020 மார்ச் 12 அன்று நின்றது. வேகாஸ் அதுவரை 71 ஆட்டம் ஆடியிருந்தது. அடுத்த சீசன் எல்லா அணிகளுக்கும் 56 ஆட்டமாகச் சுருங்கியது. கனடா எல்லை மூடியிருந்ததால் கனடா அணிகள் ஏழும் ஒரே பிரிவில் போடப்பட்டன. வேகாஸ் அந்த ஒரு வருடம் மட்டும் மேற்குப் பிரிவில் ஆடியது.

இப்போது எட்டு வரிகளில் மிகச் சிறந்த சீசன் எது என்று கேட்டால், புள்ளி வரிசையைப் பார்த்து 111 என்று கைகாட்டத் தோன்றும். 82 புள்ளி கடைசியில் கிடக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 56 ஆட்டத்தில் அதிகபட்சம் 112 புள்ளி எடுக்கலாம். 82ஐ 112ஆல் வகுத்தால் 0.732. கோப்பை வென்ற சீசனில் 111ஐ 164ஆல் வகுத்தால் 0.677தான். புள்ளி விகிதம் என்பது இதுதான். புள்ளி வரிசையில் அடிமட்டத்தில் தெரியும் வரிதான் எட்டிலும் உச்சம்.

அப்படி ஆடியும் அந்த வருடம் பிரிவில் முதலிடம் கிடைக்கவில்லை. கொலராடோவும் சரியாக 82 புள்ளி எடுத்திருந்தது. புள்ளி சமமானால் 60 நிமிடத்துக்குள் யார் அதிக ஆட்டம் வென்றார்கள் என்று பார்ப்பார்கள். அதில் கொலராடோ முந்திவிட்டது. ஐ.பி.எல். பட்டியலில் நெட் ரன் ரேட் செய்கிற வேலையை இங்கே இது செய்கிறது. பிளேஆஃபில் அதே கொலராடோவை 4-2 என்ற ஆட்டக் கணக்கில் வீழ்த்திவிட்டு, அடுத்த சுற்றில் யாரும் எதிர்பாராதபடி மாண்ட்ரியலிடம் 2-4 என்று தோற்றது வேகாஸ்.

படி 4: 93ஐயும் 94ஐயும் பக்கத்தில் வையுங்கள்

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2018-19: 43-32-7, 93 புள்ளி, பிளேஆஃப் போனது. 2021-22: 43-31-8, 94 புள்ளி, போகவில்லை. வெற்றிகள் அதே 43. புள்ளி ஒன்று கூட. ஆனாலும் வெளியே.

காரணம், புள்ளிக்குத் தனியாக மதிப்பில்லை. மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள் நேராகப் போகும். கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பாதிகளிலும் மிச்சமிருப்பவற்றில் இரண்டிரண்டு அணிகளுக்கு வைல்டு கார்டு இடம். 2018-19இல் மேற்குப் பாதியில் கடைசி இடத்தைக் கொலராடோ 90 புள்ளியோடு பிடித்தது. 2021-22இல் அதே கடைசி இடத்தை நாஷ்வில் 97 புள்ளியோடு பிடித்தது.

அந்த 8 என்ற எண்ணிலும் ஒரு வேதனை இருக்கிறது. சீசனின் கடைசி வாரத்தில் வேகாஸ் தொடர்ச்சியாக மூன்று ஆட்டங்களை ஷூட்அவுட்டில் தோற்றது: சான் ஹோசே, டல்லஸ், சிகாகோ. மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி கிடைத்தது. மூன்றையும் வென்றிருந்தால் 97. அணி தொடங்கியதிலிருந்து முதல்முறையாக பிளேஆஃப் இல்லாமல் போனது. பயிற்சியாளர் பீட்டர் டீபோரை நீக்கிவிட்டு புரூஸ் கேசிடியைக் கொண்டுவந்தார்கள். அவருடைய முதல் சீசனிலேயே கோப்பை வந்தது.

படி 5: கடைசிக் கட்டத்தைத் தனியாகப் படியுங்கள்

பிளேஆஃபில் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் மேலே போவார். இங்கே ஷூட்அவுட் கிடையாது. சமநிலை என்றால் கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் பிளேஆஃப் கணக்கில் இரண்டு எண்கள் மட்டும் வருகின்றன.

2022-23ஐ இப்படி எழுதுவார்கள்: வின்னிபெக் 4-1, எட்மண்டன் 4-2, டல்லஸ் 4-2, இறுதியில் புளோரிடா 4-1. கடைசி ஆட்டம் 2023 ஜூன் 13 அன்று சொந்த அரங்கில் 9-3. அணி உரிமையாளர் பில் ஃபோலி ஆறு வருடத்துக்குள் கோப்பை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். எண்ணிப் பாருங்கள், ஆறாவது வரிதான் அது.

படி 6: வரிக்குப் பின்னால் இருப்பதைத் தேடுங்கள்

எல்லா வரிக்கும் இது தேவையில்லை. 2023-24 வரி டல்லஸிடம் 3-4 என்று தோற்றதோடு முடிந்துவிடும். ஆனால் முதல் இரண்டு வரிகளை அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸில் ஒரு இசை நிகழ்ச்சியில் கூடியிருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது 58 பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து இந்த அணி தன் முதல் ஆட்டத்தை டல்லஸில் ஆடி வென்றது. அக்டோபர் 10 அன்று சொந்த ஊரில் முதல் ஆட்டம். அரிசோனாவை 5-2 என்று வென்றது. இறந்தவர்களின் நினைவாக 58ஆம் எண் ஜெர்சியை இனி யாரும் அணிவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களைத் தேர்ந்தெடுத்துத் திரட்டிய கூட்டம் அது. அதில் 43 கோல் அடித்த வில்லியம் கார்ல்சன் போன்றவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டம்தான் 51 ஆட்டம் வென்று இறுதிச் சுற்று வரை போய் வாஷிங்டனிடம் 1-4 என்று தோற்றது. 1968இல் செயின்ட் லூயிஸ் அணியும் முதல் சீசனில் இறுதிச் சுற்றுக்குப் போயிருக்கிறது. ஆனால் அப்போது புதிய அணிகள் ஆறையும் ஒரே பிரிவில் வைத்திருந்தார்கள், அதிலிருந்து யாராவது ஒருவர் போய்த்தான் ஆகவேண்டும். வேகாஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

2018-19 வரியின் ‘முதல் சுற்றில் தோல்வி’ சான் ஹோசேயிடம். ஏழாவது ஆட்டத்தில் வேகாஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்தபோது அதன் வீரர் கோடி ஈகினுக்கு ஐந்து நிமிட பெனால்டி கொடுத்தார்கள், அதாவது அந்த நேரம் முழுக்க வேகாஸ் ஒரு ஆள் குறைவாக ஆடவேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நான்கு கோல் போட்டது. கடைசியில் ஓவர்டைமில் 5-4. அந்த பெனால்டி தவறு என்று லீக் பிறகு வேகாஸிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த சீசனிலிருந்து இத்தகைய பெரிய பெனால்டிகளை நடுவர்கள் வீடியோவில் பார்த்து உறுதிசெய்யும்படி விதியே மாறியது.

படி 7: இனி ஒரு பழைய அணியில் முயன்று பாருங்கள்

பழைய பட்டியல்களில் மூன்றாவது எண் ஓவர்டைம் தோல்வி அல்ல, சமனில் முடிந்த ஆட்டம். சமனுக்கு இரண்டு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி. ஷூட்அவுட் வந்தது 2005-06இல்தான்; அதோடு சமன் ஆட்டங்கள் ஒழிந்தன. அதற்கு முந்தைய 2004-05 வரி எல்லா அணிக்கும் காலியாக இருக்கும். உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு முற்றி சீசனே நடக்கவில்லை.

பயிற்சிக்கு ஒரு கணக்கு தருகிறேன். மாண்ட்ரியல், 1976-77: 60-8-12, 132 புள்ளி, கோப்பையும் வென்றது. பாஸ்டன், 2022-23: 65-12-5, 135 புள்ளி, முதல் சுற்றிலேயே புளோரிடாவிடம் தோற்றது. முதல் அணிக்கு மூன்று எண்களையும் கூட்டினால் 80 ஆட்டம், இரண்டாவதற்கு 82. புள்ளி விகிதம் போட்டால் மாண்ட்ரியலுக்கு 0.825, பாஸ்டனுக்கு 0.823 வரவேண்டும். வந்தால், 12 என்பதையும் 5 என்பதையும் ஏன் ஒரே மாதிரி படிக்கக்கூடாது என்று அந்த வரிகளுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.