வாடிய இலைக்குள் தண்ணீர் எங்கே நின்றுபோகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன், ஜூலை வந்தால் மழை குறைந்துவிடும். இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் முற்றத்துத் தொட்டிச் செடிகளும் தலை தொங்க ஆரம்பிக்கும். அந்த இலைக்குள் நடப்பதை, செடியைச் சிவப்புச் சாயம் குடிக்கவைத்து வீட்டிலேயே பார்க்கலாம். ஆளுயரக் கறிவேப்பிலை மரம் இதற்கு ஆகாது, அதன் இலையில் சாயம் எளிதில் தெரியாது. பீன்ஸ் போதும்.

1. இரண்டு தொட்டிகளில் மும்மூன்று விதை போடுங்கள். நாலைந்து இலை விட்டதும் ஒரு தொட்டிக்கு மட்டும் தண்ணீரை நிறுத்துங்கள்.

2. காலையிலும் நண்பகலிலும் பாருங்கள். வெயிலில் தொங்கி விடியலில் நிமிர்ந்தால் அது வெறும் தாகம். இலைத்துளைகளை மூடிச் செடி சமாளிக்கிறது. விடியலிலும் தொங்கினால் அடுத்த படி.

3. வெட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். இலைக்குத் தண்ணீரை வேர் மட்டும் தள்ளி ஏற்றுவதில்லை. இலையிலிருந்து ஆவியாகும் நீர், கீழே உள்ளதைக் கயிறுபோல இழுக்கிறது. அயர்லாந்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் 1894-இல் சொன்ன விளக்கம் இது. மண் காயக் காய இழுவை கூடும். ஒரு கட்டத்தில், தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்க்குள் அதன் சுவரின் நுண்துளை வழியே காற்று இழுபட்டுக் குமிழியாக விரியும், அந்தக் குழாய் அடைபடும். தண்டை வெறும் காற்றில் வெட்டினால் நாமே காற்றை நுழைத்துவிடுவோம். முதல் தடவை நான் அப்படித்தான் வெட்டினேன், இரண்டு தொட்டியின் இலைகளுமே சரியாகச் சிவக்கவில்லை. அதனால் கிண்ணத்தில் சிவப்பு உணவுச் சாயத்தை அடர்த்தியாகக் கரைத்து, தண்டை அதற்குள் வளைத்து, சாயத்துக்குள்ளேயே வெட்டுங்கள். தொட்டிக்கு ஒரு செடி போதும்.

4. காற்றோட்டமான வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் விட்டு, இலையை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். நீர் ஊற்றிய செடியில் நரம்பு வலை முழுதும் சிவந்திருக்கும். வாடியதில் நரம்புகள் ஆங்காங்கே வெளிறி நின்றால், பெரும்பாலும் அங்கேதான் காற்று. பல செடிகளில் தடித்த நரம்புகளே முதலில் அடைபடும். சிறு நரம்புகள் சுற்றுவழியாகத் தண்ணீர் கொடுக்கும். வாடிய இலை தொடக்கத்தில் வேகமாகச் சிவக்கலாம், அதன் செல்கள் தாகத்தில் குடிக்கின்றன. வேகத்தை விடுங்கள், எங்கே சிவக்கவில்லை என்று பாருங்கள்.

5. மீதமுள்ள வாடிய செடிகளுக்கு மாலையில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் எந்த இலை நிமிரவில்லை என்று குறியுங்கள்.

கேப் டவுனில் 2018-இல் வறட்சியால் ஒருவருக்கு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று கட்டுப்படுத்தினார்கள். அப்படி ஒரு காலம் இங்கேயும் வந்தால், நண்பகலில் தொங்கும் செடி காத்திருக்கட்டும். விடியலில் தொங்குவதற்கு முதலில் ஊற்றுங்கள்.