சாட்ஜிபிடியிடம் காற்றைக் கேட்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் பக்கம் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் என்னிடம், இப்போதெல்லாம் பலர் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த மனுவோடு வந்து, அச்சிட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். எழுத்துப்பிழை இருப்பதில்லை, நடையும் மிடுக்காகவே இருக்கிறது. படகுச் சேதத்திற்கு நிவாரணம் கேட்ட அப்படியொரு மனுவில் அரசாணை எண்ணும் நாளும்கூட இருந்தன. தேடிப் பார்த்தபோது அந்த எண்ணில் கிடைத்தது, மீன்பிடிக்கு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு துறையின் ஆணை.

நடை சரியாக இருப்பதால் செய்தியும் சரியாக இருக்கும் என்று நம்புவதே முதல் தவறு. இந்தச் செயலிகள், ஏற்கெனவே படித்த கோடிக்கணக்கான வரிகளைக் கொண்டு, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே வாக்கியம் கட்டுகின்றன. ஆகவே அரசாணை எண் வர வேண்டிய இடத்தில் அரசாணை எண்ணைப் போன்ற ஒன்றை வைத்துவிடுகின்றன. இணையத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் செயலிகளில் இப்பிழை குறைந்திருக்கிறதே தவிர, ஒழியவில்லை. படித்தவர்களும் இதற்குத் தப்பவில்லை: சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டியதற்காக நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 2023-இல் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

எந்த ஊரின் பதில் என்று பாராமல் ஏற்பது இதைவிடப் பெரிய ஆபத்து. கடல் அட்டை என்ற கடலடி உயிரினத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் உரிமம் பெற்று அதை வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். அதைப் பற்றித் தமிழிலேயே எழுதப்பட்டவையும் உண்டு. இங்கேயோ 2001 முதல் அது வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் சிறைதான். இரு கரையின் தமிழையும் சேர்த்துப் படித்த செயலிக்கு, கேட்பவர் பாக் நீரிணையின் எந்தக் கரையில் நிற்கிறார் என்பது நாம் சொல்லாதவரை தெரியாது. பண்ணை அமைக்க வழி கேட்ட இளைஞருக்கு அது பக்குவமாக வழி சொல்லிவிடும். வழக்கு வந்தால் நிற்க வேண்டியவர் அவர்தான்.

கடலுக்குப் போகலாமா என்று கேட்பதும் அப்படியே. தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் நாளில் வடகடலான பாக் நீரிணை அமைதியாகக் கிடப்பதைப் பாம்பன் பாலத்தில் நின்றாலே பார்த்துவிடலாம். பொத்தாம்பொதுவான பதிலில் இந்த வேறுபாடு காணாமற்போகிறது. வானிலை மையத்தின் அறிவிப்பு, துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு, கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் தருகிறதா நிறுத்துகிறதா என்பது, இவை மூன்றையும் விட்டுவிட்டுச் செயலியிடம் காற்றைக் கேட்பவரை என்னவென்று சொல்வது?

இலவசம்தானே என்ற எண்ணமும் தவறு. சாட்ஜிபிடி அருவருப்பான சொற்களைப் பேசாமலிருக்க, அத்தகைய எழுத்துகளை நாள் முழுதும் படித்துப் பிரித்துக் கொடுத்த கென்யத் தொழிலாளர்கள் பெற்ற கூலி, மணிக்கு 2 டாலருக்கும் குறைவு. 2024-இல் உலகத் தரவு மையங்கள் செலவிட்ட மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது. அது முழுதும் செயற்கை நுண்ணறிவின் செலவு அன்று. ஆனால் அந்தப் பங்கு வேகமாக வளர்கிறது. அந்த எந்திரங்களில் பலவற்றைக் குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டும். குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆதார் எண், படகுப் பதிவு எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் செயலியில் தட்டச்சு செய்யாதீர்கள். மனுவில் அவற்றைக் கையால் நிரப்பிக்கொள்ளலாம். இன்னொன்று: சில நொடிக் குரல் பதிவிலிருந்தே ஒருவரின் குரலைப் போலியாக உருவாக்க இப்போது முடியும். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றவரின் வீட்டுக்கு, அவர் குரலிலேயே பணம் கேட்டு அழைப்பு வந்தாலும், மீனவர் சங்கத்திலோ மீன்வளத்துறை அலுவலகத்திலோ நேரில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.