கண் திறக்காத பூனைக்குட்டி கிடைத்தால்: முதலில் சூடு, அப்புறம்தான் பால்

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில், வாய் ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள் மூன்று குட்டிகள் கிடந்தன. தொப்புள்கொடிகூட உதிரவில்லை. ஜூன் மாத வெயில். பாவம் என்று நேராக ஏசி அறைக்குள் தூக்கி வந்துவிட்டேன். அது பெரிய தவறு. அரை மணி நேரத்தில் ஒரு குட்டியின் சத்தம் அடங்கிவிட்டது. அதன் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

1. தூக்குவதற்கு முன் பாருங்கள். வயிறு நிறைந்து, சுத்தமாக, ஒன்றின் மேல் ஒன்று தூங்கினால் தாய் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. தள்ளி நின்று ஓரிரு மணி நேரம் காத்திருங்கள். எறும்பு மொய்த்தாலோ, கத்திக்கொண்டே இருந்தாலோ, எங்கள் குட்டிகளைப் போல யாரோ கொண்டுவந்து போட்டிருந்தாலோ உடனே எடுங்கள்.

2. சூடு. முதல் மூன்று வாரம் குட்டிகளால் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. அந்த அறையின் ஏசியை அணைத்துவிடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, டவலில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே இழுக்கும், மாற்றிக்கொண்டே இருங்கள். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, செரிக்காது. சத்தம் அடங்கிய அந்தக் குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மெல்ல முனகியது.

3. பால். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. டப்பாவில் சொன்ன அளவில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. குட்டியைக் குப்புறப் படுக்கவைத்தே புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் புகட்டினால் அழுத்தித் தள்ளாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். வேலைக்குப் போகிறவர்கள் தனியாகச் சமாளிப்பது கஷ்டம். நானும் அறை நண்பரும் முறை வைத்துக்கொண்டோம்.

4. பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வாலுக்குக் கீழே, சிறுநீரும் மலமும் வரும் இடத்தை மெதுவாகத் தடவுங்கள். தாய் நக்கிவிடுவதைப் போல. இந்த வயதில் அவை தானாக வராது.

5. தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பிறந்தபோது சுமார் 100 கிராம் இருக்கும். நாளுக்குப் 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றிரண்டு வாரத்தில் கண் திறக்கும், நான்காவது வாரம் ஈர உணவு தொடங்கலாம். ஆறேழு வாரத்தில் தடுப்பூசிக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

குட்டியைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: "விசா முடிந்து ஊருக்குப் போகும்போது இதையும் கூட்டிப்போவீர்களா?" யோசித்தவர்களிடம் கொடுக்கவில்லை. அன்று சட்டைக்குள் இருந்த குட்டி என்னிடமே இருக்கிறது.