4கே, 8கே திரை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பித் திரை வாங்குவோர், அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. 1080 என்பது மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) வரிசைகளின் எண்ணிக்கை. 4கே என்பதோ இடமிருந்து வலமாக உள்ள பிக்சல்களைத் தோராயமாக நான்காயிரம் என்று சொல்வது. பாதி வழியில் அளவுகோலையே மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஃபுல் எச்டி 1920 × 1080, 4கே 3840 × 2160, 8கே 7680 × 4320 என அகலமும் உயரமும் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பதால், மொத்தப் பிக்சல்கள் நான்கு மடங்காகப் பெருகி 8கேயில் 3.3 கோடியைத் தொடுகின்றன.

பிக்சல் நான்கு மடங்கானால் தெளிவும் நான்கு மடங்காகும் என்று எண்ணுவதே பெரும்பாலானோர் செய்யும் தவறு. இயல்பான பார்வையுள்ள கண், ஏறத்தாழ ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குக்கும் சிறிய கோணத்தில் அமைந்த நுணுக்கங்களைப் பிரித்துக் காண்பதில்லை. 55 அங்குலத் தொலைக்காட்சியில் 4கே பிக்சல் ஒன்றின் அகலம் சுமார் 0.32 மில்லிமீட்டர் என்பதால், அதன் முழு நுணுக்கத்தையும் காண ஏறத்தாழ 1.1 மீட்டர் தொலைவுக்குள் அமர வேண்டும். ஃபுல் எச்டிக்கு இத்தொலைவு 2.2 மீட்டர், 8கேக்கு வெறும் 55 சென்டிமீட்டர். கூரிய பார்வையுடையோர் இதைவிடச் சற்று அதிகம் காண்பார்கள், ஆகவே இது கறாரான எல்லையன்று. ஆயினும் மூன்று மீட்டர் தள்ளி அமர்பவருக்கு அந்த அளவுத் திரையில் 8கே தரக்கூடியது ஏதுமில்லை. கடையில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதைவிட, வீட்டில் இருக்கையிலிருந்து சுவர் வரை நாடா பிடித்து அளந்துவிட்டுப் போவது நல்லது.

இதே கணக்கைக் கணினித் திரைக்கும் அப்படியே பொருத்திவிடுவது எதிர்த்திசையிலான தவறு. 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும் 27 அங்குலத் திரையில், ஃபுல் எச்டி அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்களையும் 4கே 163 பிக்சல்களையும் தருகின்றன. நாள் முழுவதும் எழுத்துகளோடு வேலை செய்பவர் இந்த வேறுபாட்டை உடனே உணர்வார். ஆனால் கூடுதல் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் நேரலாம். எழுத்துகள் கண்ணுக்கு எட்ட 150 விழுக்காடு ஸ்கேலிங் (எழுத்தையும் படவுருக்களையும் பெரிதாக்கும் அமைப்பு) வைத்ததும், பணிக்கான இடம் 2560 × 1440 திரையில் இருப்பதே ஆகிவிடும்; மிஞ்சுவது கூர்மை மட்டுமே. கணினி விளையாட்டுப் பிரியர்கள், 4கேயில் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு பிக்சல்களைத் தங்கள் கிராஃபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

திரைக்குள் என்ன வந்து சேர்கிறது என்பதைக் கேட்காமல் வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. திரைப்படங்கள் வெளியாகும் அல்ட்ரா எச்டி புளூரே வட்டு 4கேயோடு நின்றுவிடுகிறது. 4கே என்று வெளியாகும் திரைப்படங்களிலேயே கணிசமானவை 2கேயில் (அகலத்தில் சுமார் இரண்டாயிரம் பிக்சல்) இறுதி செய்யப்பட்டுப் பின்னர் பெரிதாக்கப்பட்டவை. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 2018 டிசம்பரில் 8கே ஒளிபரப்பைத் தொடங்கியபோதும், 8கே உள்ளடக்கம் இன்றும் அரிதாகவே கிடைக்கிறது. எதிர்காலத்துக்கு உதவும் என்று இன்றே 8கே வாங்குபவர், அந்த எதிர்காலம் வரும்போது பழைய திரை ஒன்றையே வைத்திருப்பார்.

இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. தொலைக்காட்சியோடு பிற கருவிகளை இணைக்கும் எச்டிஎம்ஐ தரத்தின் 2.0 பதிப்பு நொடிக்கு 18 கிகாபிட் தரவு வரை கடத்துவதால் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 60 படங்கள் வரை தாங்கும். 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், 48 கிகாபிட் வரை செல்லும் 2.1 பதிப்பு தேவை. ஒரே தொலைக்காட்சியில் எல்லாத் துளைகளும் ஒரே திறன் கொண்டவையாக இருப்பதில்லை, சிலவற்றில் முழு வேகத்தை அமைப்புகளுக்குள் சென்று நாமே இயக்க வேண்டும். இதை அறியாமல் திரையைப் பழுதென்று திருப்பி அனுப்புவோரும் உண்டு.

ஆழ்ந்த கறுப்பும் போதிய ஒளிர்வும் எவ்வளவு தள்ளி அமர்ந்தாலும் கண்ணுக்குப் புலப்படும். பிக்சல் எண்ணிக்கைக்கு அந்த வலிமை இல்லை. அதனால் பின்னொளி மங்கலான 8கே திரையையும் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகை 4கே திரையையும் அருகருகே வைத்தால், நான் தயங்காமல் பின்னதையே எடுப்பேன். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் என்ற முத்திரையும் இதே கணக்கில் சேர்ந்தது: அந்தச் சமிக்ஞையை ஏற்கும் திரைகள் அனைத்தும் அதை உரிய ஒளிர்வில் காட்டுவதில்லை என்பதால், எல்இடி திரையாக இருந்தால் அதன் உச்ச ஒளிர்வு எத்தனை நிட்ஸ் (ஒளிர்வை அளக்கும் அலகு), பின்னொளி எத்தனை பகுதிகளாகத் தனித்தனியே மங்குகிறது என்பதையே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டும்.