வடசென்னையிலிருந்து நிருபர் வேலைக்கு: ஐந்து செய்திகளோடு போங்கள்

பத்திரிகை வேலை தேடும் வடசென்னைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பயோடேட்டாவைப் பத்து அலுவலகங்களுக்கு மெயிலில் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வருவதில்லை. ஆள் எடுக்கும் செய்தி ஆசிரியர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளையைக் காலையில் காசிமேட்டுக்கு அனுப்பினால், சாயங்காலத்துக்குள் பிழையில்லாத 300 வார்த்தை கைக்கு வருமா? பயோடேட்டா அதற்குப் பதில் சொல்லாது. எழுதி முடித்த செய்தி சொல்லும். எனவே முதல் மூன்று மாதம் வேலை தேடாதீர்கள். செய்தி தேடுங்கள். ஐந்து செய்திகளை முழுசாக எழுதி வைத்துக்கொண்டு அதன்பிறகு கதவைத் தட்டுங்கள்.

இதில் வடசென்னைக்காரருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. நம் பகுதி செய்தியில் வருவதே கொலை, வெள்ளம், வாயுக் கசிவு என்றால்தான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. அந்தந்த வாரம் கேமராக்கள் வரிசை கட்டி நின்றன, பிறகு போய்விட்டன. எண்ணூர் காட்டுக்குப்பத்தில் வலை வீணாய்ப் போனவருக்கு நிவாரணம் வந்ததா, கணக்கெடுப்பில் விட்டுப்போன குடும்பங்கள் எத்தனை என்று ஆறு மாதம் கழித்துக் கேட்க, அங்கேயே இருப்பவரால் முடியும். அந்தத் தொடர்ச்சிதான் உங்கள் மூலதனம். அதை விட்டுவிட்டு சினிமா விமர்சனம், தேர்தல் அலசல் என்று மாதிரி எழுதிக்கொண்டு போனால் ஆயிரத்தில் ஒருவராகத்தான் நிற்பீர்கள்.

ஒரு பகுதி, ஒரு நோட்டு

உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குள் போகக்கூடிய ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் கழிமுகம், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, ஸ்டான்லி மருத்துவமனை, மீன்பிடித் துறைமுகம், வியாசர்பாடி குடியிருப்புகள் என எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றே ஒன்று. ஒரு நோட்டுப் போட்டு, முதல் பக்கத்தில் எந்த விஷயம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று எழுதுங்கள். புது நிருபர்கள் பாதி நாளை வீணாக்குவது இங்கேதான். எண்ணூர் மாநகராட்சிக் கணக்கில் சென்னை. 2018-ல் வருவாய் நிர்வாகத்திலும் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அங்குள்ள காவல் நிலையம் 2022 முதல் ஆவடி ஆணையரகத்தின் கீழ். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு போனால் திருவள்ளூர் மாவட்டம். புகைபோக்கி ஒரு மாவட்டத்தில், புகையை வாங்குகிற வீடு இன்னொரு மாவட்டத்தில். யாரிடம் பதில் கேட்க வேண்டும் என்று தெரியாமல் சேப்பாக்கம் அரசு அலுவலகங்களுக்கும் வேப்பேரி காவல் ஆணையரகத்துக்கும் அலைந்தால் டெட்லைன் தப்பும்.

அடுத்த பக்கங்களில் ஆட்கள். வார்டு கவுன்சிலர், மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர், காவல் நிலைய ஆய்வாளர், ரேஷன் கடைக்காரர், மீனவ கிராமமானால் ஊர்ப் பஞ்சாயத்தார். மீனவ குப்பத்தில் நேராக வீடு வீடாகப் போய் மைக்கை நீட்டாதீர்கள். முதலில் பஞ்சாயத்தாரைப் பார்த்து யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் மீன் விற்கும் அக்காக்களிடம் பேசினால் விலை, கடன், வட்டி எல்லாம் துல்லியமாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள்.

காகிதம் பிடியுங்கள்

வாய்ச்சொல்லை மட்டும் வைத்து எழுதிய செய்தியை எந்த ஆசிரியரும் புது ஆளிடமிருந்து வாங்கமாட்டார். ஒரு ஆவணம் இருந்தால் செய்தியின் எடையே மாறும். இந்த விஷயத்தில் சோம்பல் கூடாது.

தகவல் உரிமைச் சட்டம், 2005 (ஆர்.டி.ஐ.) உங்களுக்கு முதல் கருவி. வெள்ளைத் தாளில் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று விளித்து எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போன்ற மாநில அலுவலகங்களுக்கு இது செல்லும். சென்னைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ் வருவதால் அங்கே வில்லை எடுபடாது. போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மனு தோற்பதற்குப் பெரிய காரணம், கேள்வி கேட்பது. "ஏன் கால்வாயைத் தூர்வாரவில்லை?" என்றால் 'இது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "1.4.2024 முதல் 31.3.2025 வரை இந்த வார்டில் மழைநீர் வடிகால் தூர்வார வழங்கிய பணி ஆணைகளின் நகல், பணம் வழங்கிய பட்டியல்" என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். ஐந்தைச் சேர்த்தால் ஐந்து துறைக்கு அனுப்பி வைத்துவிடுவார்கள்.

மனுவுக்குக் காத்திருக்கும் ஒரு மாதத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். முதல் தகவல் அறிக்கை, சில வகை வழக்குகள் தவிர, காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும். ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஈ-கோர்ட்ஸ் செயலி சொல்லும். சேப்பாக்கம் கலாஸ் மஹாலில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவுகள் அதன் தளத்தில் வந்துவிடும். 'நான்கு வாரத்தில் அறிக்கை தாக்கல் செய்க' என்று உத்தரவு வந்தால், அந்தத் தேதியை நோட்டில் குறித்து, ஐந்தாவது வாரம் போன் போடுங்கள். தாக்கல் செய்யாததே செய்தி.

காற்று மாசு எழுதும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மணலி, கொடுங்கையூர், ராயபுரம் கண்காணிப்பு நிலையங்களின் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். அங்கே காட்டுவது காற்றுத் தரக் குறியீட்டு எண், மைக்ரோகிராம் அல்ல. பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கனமீட்டரில் 90 மைக்ரோகிராம் என்றால் குறியீடு 200. குறியீட்டையே மைக்ரோகிராம் என்று எழுதி, 24 மணி நேர வரம்பான 60-உடன் ஒப்பிட்டால் மாசை இருமடங்குக்கு மேல் ஊதிவிடுவீர்கள். ஆலை நிர்வாகத்தின் மறுப்பு மறுநாளே வரும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் சரியான எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள், அந்தத் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத்தான் அதில் நஷ்டம்.

எழுதும் விதம்

ஐந்து செய்திகளில் இரண்டு, 250 வார்த்தைக்குள் நேரடிச் செய்தி. இரண்டு, ஆவணத்தோடு 600 வார்த்தை. ஒன்று, 90 வினாடி வீடியோ: போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, இயர்போன் மைக்கைச் சட்டையில் குத்தி எடுங்கள். துறைமுகக் காற்றில் மைக் இல்லாமல் எடுத்த பேட்டி ஒன்றுக்கும் உதவாது.

முதல் பத்தியில் என்ன நடந்தது, எங்கே, எப்போது, யாருக்கு என்பது 30 வார்த்தைக்குள் வந்துவிட வேண்டும். 'வந்தாரை வாழவைக்கும் சென்னையில்' என்று ஆரம்பித்தால் டெஸ்க்கில் (செய்தியைத் திருத்தும் பிரிவில்) அந்த வரி முதலில் போகும், உங்கள் மேல் வைத்த நம்பிக்கை அடுத்துப் போகும். பெயர், வயது, தெரு, தேதி, தொகை ஆகிய ஐந்தையும் அனுப்பும் முன் நோட்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். புகாருக்கு உள்ளானவரிடம் கருத்துக் கேட்டு, பதில் தராவிட்டால் எப்போது, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

சொற்களில் கறாராக இருங்கள். கைதானவர் 'குற்றவாளி' அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றக் காவல் வேறு, போலீஸ் காவல் வேறு. 'வடசென்னை ரவுடி' என்று ஊரையே அடைமொழியாக்கும் பழக்கத்தை நீங்களாவது விடுங்கள். அந்த ஒரு சொல்லால் வேலைக்கான நேர்காணலில் முகவரி சொல்லத் தயங்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

எந்தக் கதவு, எந்த நேரம்

காலை நாளிதழில் மாலை 5 மணிக்கு மேல் போன் செய்தால் யாரும் பேசமாட்டார்கள்; பக்கம் முடிக்கும் நேரம். மதியம் 2 முதல் 4 வரை கொஞ்சம் மூச்சு விடுவார்கள். மாலைமலர், மாலை முரசு போன்ற மாலை நாளிதழ்களுக்கு இது தலைகீழ்: காலை முழுக்க ஓட்டம், பிற்பகல்தான் பேசலாம். மனிதவளத் துறைக்கு எழுதுவதைவிடத் தலைமை நிருபருக்கோ செய்தி ஆசிரியருக்கோ எழுதுவது பலன் தரும். மெயிலில் நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்தப் பகுதி, கையில் என்ன செய்தி, என்ன ஆவணம். ஒரே செய்தியை இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். இரண்டிலும் வெளியானால் இரண்டு கதவும் மூடும். மூன்று நாள் அவகாசம் கொடுத்து, பதில் இல்லையென்றால் சொல்லிவிட்டு அடுத்த இடம்.

கல்லூரியில் இருந்தால் விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழ் ஊடகங்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள். தரமணி ஆசிய இதழியல் கல்லூரியின் ஓராண்டுப் பட்டயம் ஆங்கில ஊடகத்துக்கு நல்ல வாசல், ஆனால் கட்டணம் அதிகம். உதவித்தொகை விவரத்தை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். கடன் வாங்கிப் படித்துவிட்டு ஸ்டிரிங்கர் (செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் நிருபர்) வருமானத்தில் தவணை கட்டுவது நடக்காத காரியம். சென்னைப் பல்கலைக்கழக இதழியல் துறை செலவு குறைந்த வழி. படிப்பு இல்லாமலும் நுழையலாம். தமிழ் நாளிதழ்கள் இன்றும் மொழியைத்தான் முதலில் பார்க்கின்றன.

டெஸ்க் வேலைக்குத் தேர்வு வைப்பார்கள். ஆங்கில ஏஜென்சி செய்தி ஒன்றை அரைமணி நேரத்தில் தமிழாக்க வேண்டும், மூன்று தலைப்பு கொடுக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும். ஒற்றுப்பிழையில்தான் பெரும்பாலோர் மதிப்பெண் இழக்கிறார்கள். தினம் ஒரு தலையங்கத்தைத் தமிழ்99 விசைப்பலகையில் அடித்துப் பழகுங்கள். இரண்டு மாதத்தில் வேகமும் வரும், சந்தியும் பிடிபடும்.

பணமும் அட்டையும்

அடையாள அட்டைக்கு உங்களிடம் பணம் கேட்கும் எந்த இடமும் பத்திரிகை அல்ல. 'பிரஸ்' ஸ்டிக்கரும் அட்டையும் விற்றுப் பிழைப்பவர்கள் நம் பக்கம் நிறைய. நாளிதழ், வார இதழ் என்றால் இந்தியப் பத்திரிகைப் பதிவாளர் தளத்தில் தலைப்பு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் தரும் அட்டை வேறு, செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் அங்கீகார அட்டை வேறு. பின்னதற்கு அனுபவமும் நிறுவனப் பரிந்துரையும் வேண்டும், முதல் வருடத்தில் அதற்காக ஏங்க வேண்டாம்.

ஸ்டிரிங்கராகச் சேரும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: செய்திக்கு எவ்வளவு, வீடியோவுக்குத் தனியா, பெட்ரோல் செலவு உண்டா, மாதத்தில் எந்தத் தேதியில் வரும், வெளியாகாத செய்திக்கு ஏதாவது உண்டா. வாட்ஸ்அப்பில் வந்த பதிலும் ஆதாரமே, அழிக்காதீர்கள். நிரந்தரம் என்றால் நியமனக் கடிதமும் பி.எஃப். எண்ணும் வாங்குங்கள். விளம்பரம் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் கூடியவரை ஒத்துக்கொள்ளாதீர்கள். யார் விளம்பரம் தருகிறாரோ அவரைப் பற்றித்தான் நாளைக்கு எழுத வேண்டி வரும்.

சட்டத்தில் மாட்டும் இடங்கள்

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தையின் பெயர், படம் மட்டுமல்ல, பள்ளி, தெரு, பெற்றோர் பெயர் எதுவும் வரக்கூடாது. 23-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்கு வழியுண்டு. சின்னக் குப்பங்களில் 'மீனவர் தலைவரின் உறவினர் மகள்' என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும், அதுவும் மீறல்தான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதற்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனை. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள், காரணம் ஒன்றே என்று முடிவுகட்டாதீர்கள், 104 உதவி எண்ணைச் சேருங்கள்.

அவதூறுக்கு நஷ்டஈடு வழக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போடலாம்; குற்ற வழக்குக்கு மூன்றாண்டு வரை காலக்கெடு உண்டு. ஆகவே நோட்டு, ஒலிப்பதிவு, ஆர்.டி.ஐ. பதில் வந்த கவர் உட்பட எல்லாவற்றையும் தேதி எழுதிக் குறைந்தது மூன்றாண்டு வைத்திருங்கள். மழைக்காலத்தில் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். போனில் படம் எடுத்து இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.