புகலிடக் கோரிக்கையாளர்களை வேறு நாட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகலிடம் கேட்டு வந்தவர்களை வேறொரு நாட்டுக்கு அனுப்ப அரசுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று எண்ணுவதுதான் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு. பிரிட்டன் 2022 ஏப்ரலில் ருவாண்டாவுடன் செய்த ஏற்பாட்டின்படி, அனுப்பப்படுபவரின் கோரிக்கையை ருவாண்டா அதிகாரிகளே விசாரிப்பார்கள். அது ஏற்கப்பட்டாலும் அவர் ருவாண்டாவில்தான் குடியமர்த்தப்படுவார். இத்தாலி 2023 நவம்பரில் அல்பேனியாவுடன் செய்த உடன்பாட்டிலோ மையங்கள் மட்டுமே அல்பேனிய மண்ணில் இருந்தன. இத்தாலிய அதிகாரிகள் தங்கள் நாட்டுச் சட்டப்படி விசாரிப்பார்கள், அகதியாக ஏற்கப்பட்டவர் இத்தாலிக்குச் செல்வார். ஆகவே, எந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், யார் முடிவெடுக்கிறார், எந்தச் சட்டப்படி, கோரிக்கை மறுக்கப்பட்டவர் எங்கே போவார் என்ற கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடுபவர்களே ருவாண்டா திட்டம் சட்டவிரோதம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 15 அன்று வழங்கிய தீர்ப்பையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ருவாண்டா மனிதர் வாழத் தகாத நாடு என்று நீதிபதிகள் சொல்லவில்லை. வேறொரு நாட்டுக்கு அனுப்புவது எந்நிலையிலும் சட்டவிரோதம் என்றும் சொல்லவில்லை. கோரிக்கைகள் அங்கே முறையாக விசாரிக்கப்படாமல், உண்மையான அகதிகள் தாங்கள் தப்பி வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படும் மெய்யான ஆபத்து இருக்கிறது என்றே ஐவரும் ஒருமனதாகக் கூறினார்கள். ருவாண்டா நல்லெண்ணத்துடன்தான் உறுதியளித்தது என்பதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அந்நாட்டின் நடைமுறையையும், முன்பு இஸ்ரேலுடன் செய்துகொண்ட இதேபோன்ற ஏற்பாட்டில் அது நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே ஆராய்ந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, ஓர் அகதியை நேராகத் திருப்பி அனுப்புவதை மட்டுமல்ல, இன்னொரு நாட்டின் வழியாகச் சுற்றி அனுப்புவதையும் தடுக்கிறது.

சட்டத்தில் எழுதிவிட்டாலே ஒரு நாடு பாதுகாப்பானதாகிவிடும் என்று நம்புவதும் தவறு. தீர்ப்புக்குப் பின், 2024 ஏப்ரலில், ருவாண்டா பாதுகாப்பான நாடு என்றே முடிவெடுக்கும் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் கொள்ள வேண்டும் எனப் பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. உண்மை நிலையை ஆராயும் பணியைப் பெருமளவு நீதிமன்றத்திடமிருந்து பறித்த இந்தச் சட்டமே அந்தத் திட்டத்தில் மிகவும் கவலைக்குரிய பகுதி என்று கருதுகிறேன். அதே ஆண்டு ஜூலையில் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. அதுவரை அதன்கீழ் கட்டாயப்படுத்தி எவரும் அனுப்பப்படவில்லை. தாமாக முன்வந்து சென்றவர்கள் நால்வர் மட்டுமே. கையெழுத்தான நாளில் வரும் அறிவிப்பை வைத்து ஒப்பந்தத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அனுப்பி வைத்ததோடு அனுப்பிய நாட்டின் பொறுப்பு தீர்ந்தது என்று கொள்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2014இல் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 பேரை, பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களை, ஆஸ்திரேலியா ஏறத்தாழ ஒரு மாதம் கடலில் சுங்கக் கப்பலில் அடைத்து வைத்து, பின்னர் பசிபிக் பெருங்கடலில் உள்ள தனி நாடான நவ்ரு தீவுக்கு அனுப்பியது. அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் ஆஸ்திரேலியாவுக்காக நடத்தப்பட்ட தடுப்புக்காவல் பப்புவா நியூ கினி அரசமைப்புக்கு முரணானது என்று அதன் உச்ச நீதிமன்றமே 2016இல் தீர்ப்பளித்தது. நவ்ருவில் அடைக்கப்பட்டவர்களுக்கு நேர்ந்த உரிமை மீறல்களுக்கு ஆஸ்திரேலியா பொறுப்பேற்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2025 ஜனவரியில் முடிவு கூறியது.