டேட்டாபேஸ்ல இருக்குற 700 அட்ரஸையும் ஒரே மேப்ல போடுறது எப்படி?

எங்க அண்ணன் மதுரையில தண்ணி கேன் சப்ளை பண்றாரு. சுமார் 700 வீடு, எல்லாமே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஒரே டேபிள்ல கெடக்கு. எந்த வண்டி எந்தப் பக்கம் போகணும்னு காலையில லிஸ்ட் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஓடிடும், எல்லா வீட்டையும் மேப்ல புள்ளி புள்ளியா பார்த்தா சட்டுன்னு பிரிச்சிடலாமேடான்னு கேட்டாரு. செஞ்சு குடுத்தேன். ஹெச்டிஎம்எல், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், கூடவே பிஹெச்பியோ பைத்தானோ தெரிஞ்சா நீங்களும் பண்ணிடலாம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. மேப்புக்கு அட்ரஸ் புரியாது, லேட்டிட்யூட் (அட்சரேகை), லாங்கிட்யூட் (தீர்க்கரேகை)னு ரெண்டு நம்பர்தான் புரியும். மதுரைன்னா 9.92, 78.12. அட்ரஸை இப்படி நம்பரா மாத்துறதுக்குப் பேரு ஜியோகோடிங். பேஜ் ஓப்பன் ஆகுறப்பல்லாம் 700 அட்ரஸையும் ஜியோகோட் பண்ற மாதிரி எழுதிடாதீங்க, பேஜ் வர பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும், சர்வீஸ்காரங்களும் பிளாக் பண்ணிடுவாங்க. ஒரே தடவை மாத்தி டேபிள்லயே சேவ் பண்ணி வைக்கணும்.

ஸ்டெப் 1: டேபிள்ல 3 காலம் (column) சேர்த்துக்கோங்க

லேட்டிட்யூட், லாங்கிட்யூட் ரெண்டும் டெசிமல் டைப், புள்ளிக்கு அப்புறம் 6 இலக்கம் போதும் (சுமார் 11 செ.மீ. வரைக்கும் துல்லியம்). மூணாவது காலம், கிடைச்ச இடம் வீடா, தெருவா, வெறும் ஏரியாவான்னு குறிச்சு வைக்க. இடம் கிடைக்கலன்னா நல் (NULL, அதாவது காலி)னே விட்டுடுங்க, 0 போடாதீங்க. 0, 0ன்னா ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல்.

ஸ்டெப் 2: அட்ரஸை சுத்தம் பண்ணுங்க

வேலையே இதுலதான் இருக்கு, அவசரப்படாதீங்க. நம்ம ஊரு அட்ரஸ் எப்படி இருக்கும்? "பழைய ரேஷன் கடை எதிர்ல, பச்சை கேட், மாடி வீடு, அண்ணா நகர்." தண்ணி போடுற தம்பிக்கு இது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. நான் முதல்ல இப்படியே அனுப்பிட்டு மேப்பைத் திறந்தா, பாதி அண்ணா நகர் வீடுங்க சென்னையில நிக்குது! மதுரை அண்ணா நகர்னா 625020, சென்னை அண்ணா நகர்னா 600040, பின்கோடு இல்லாம அதுக்கு எப்படித் தெரியும்? அதனால எதிர்ல, பக்கத்துல, மாடி எல்லாத்தையும் டேபிள்லயே வேற ஒரு காலமுக்கு (column) தள்ளிட்டு (அழிச்சிடாதீங்க, டெலிவரிக்கு அதுதான் உயிர்) தெரு, ஏரியா, ஊரு, பின்கோடு மட்டும் வச்சு ஒரு வரி தயார் பண்ணுங்க.

ஸ்டெப் 3: ஜியோகோடிங்

கூகுள்ல பண்ணணும்னா ஏபிஐ கீ (அவங்க சர்வீஸை யூஸ் பண்ண குடுக்குற சாவி மாதிரி ஒரு கோடு), பில்லிங் அக்கவுன்ட் எல்லாம் வேணும். நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட (எல்லாரும் சேர்ந்து உருவாக்குற இலவச மேப்) ஜியோகோடிங் சர்வீஸான நாமினாட்டிம் எடுத்தேன். அவங்க பொது சர்வர்ல செகண்டுக்கு ஒரு ரிக்வெஸ்டுக்கு மேல கூடாது, யூசர் ஏஜென்ட்ல (கேக்குறது யாருன்னு ரிக்வெஸ்டோட போற வரி) நம்ம ஆப் பேரைச் சொல்லணும். லூப்ல ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு செகண்ட் ஸ்லீப் போட்டா 700க்கு 12 நிமிஷம், டீ குடிச்சிட்டு வர்ற நேரம்தான். நாட்டுக்கு இந்தியான்னு கட்டுப்பாடு போடுங்க. அட்ரஸ் வரி மட்டும் அனுப்புங்க, வாடிக்கையாளர் பேரு, போன் நம்பர் வெளிய போகவே கூடாது.

ஸ்டெப் 4: ஜேசன்

டேபிள்ல இருந்து லேட்டிட்யூட் நல் இல்லாத வரிகளை எடுத்து ஜேசனா (JSON, ஜாவாஸ்கிரிப்ட் சுலபமா படிக்கிற டேட்டா வடிவம்) குடுக்குற ஒரு சின்ன ஃபைல் எழுதுங்க. பிரவுசருக்குப் போறதை யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம், அதனால மேப்புக்குத் தேவையானது மட்டும் போகட்டும், பேஜுக்கு லாகினும் கட்டாயம் போடுங்க. இது 700 குடும்பத்தோட வீடு.

ஸ்டெப் 5: மேப்

மேப் காட்டுறதுக்கு லீஃப்லெட்னு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கு, இலவசம். அதோட சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் ரெண்டையும் சேர்த்துட்டு ஒரு டிவ் வைங்க. டிவ்வுக்கு உயரம் குடுக்க மறந்துட்டா மேப்பே தெரியாது, நிறைய பேரு இங்கதான் மாட்டுறாங்க. அப்புறம் டைல் லேயர் (மேப் படத்தைத் துண்டு துண்டா கொண்டு வர்ற அடுக்கு), மூலையில ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கான்ட்ரிப்யூட்டர்ஸ்னு கிரெடிட் கண்டிப்பா. ஜேசனை ஃபெட்ச் பண்ணி லூப்ல மார்க்கர் (வீட்டைக் காட்டுற பின்) போடுங்க. லீஃப்லெட்டுக்கு லேட்டிட்யூட் முதல்ல, ஆனா ஜியோஜேசன்ல (மேப் டேட்டாவுக்கான ஜேசன் வடிவம்) லாங்கிட்யூட் முதல்ல. மாத்திப் போட்டீங்கன்னா மதுரை வீடு நார்வேக்கு வடக்க ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் கடல்ல போய் விழும்.

700 பின்னும் ஒண்ணு மேல ஒண்ணு குவியும், அதுக்கு லீஃப்லெட்டோட சேர்க்கிற மார்க்கர்கிளஸ்டர் ப்ளகின். தூரத்துல இருந்து பார்த்தா 84, 120னு வட்டமா காட்டும், ஜூம் பண்ணப் பண்ண பிரியும்.

கடைசியா, எங்க ஊர்ல நிறைய அட்ரஸ் தெரு வரைக்கும்தான் கிடைச்சுது, ஒரே புள்ளியில பதினஞ்சு வீடு. மார்க்கரை டிராகபிள் (இழுத்து நகர்த்துற மாதிரி) ஆக்கி, இழுத்து விட்டதும் புது நம்பர் டேபிள்ல சேவ் ஆகுற மாதிரி வச்சுட்டேன். இப்போ தம்பிங்க கேனை இறக்கி வச்சுட்டு வாசல்ல நின்னபடியே போன்ல பின்னைச் சரியான வீட்டுக்கு நகர்த்திடுறாங்க.